கலீபாவின் ஆணையும் இமாமின் மறுப்பும்

பக்தாத் நகரத்துச் சிறையொன்றிலே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு காட்சி நிகழ்ந்து வந்தது. ஜும்ஆத் தொழுகைக்கான பாங்கொலி காதில் விழுந்ததும், விலங்கு பூண்ட கைதி ஒருவர் உடல் கழுவி, தமது ஆடையை ஒழுங்காக உடுத்து, மெல்ல நடந்து சிறைவாயிலுக்கு வருவார். எங்கே புறப்பட்டீர் என்று காவலன் கேட்பான். இறைவனின் அழைப்புக்கு விடையளிக்கப் போவதாக அவர் கூறுவார். திரும்பிச் செல்லுமாறு காவலன் பணிப்பான். தாம் அழைப்பை ஏற்று வந்ததையும், தம்மைப் பிறர் தடுத்து நிறுத்தியதையும் இறைவனிடத்திலேயே முறையிட்டுவிட்டு, அவர் தமது அறைக்குத் திரும்புவார். அடுத்த வெள்ளிக்கிழமையும் பாங்கொலி கேட்கும். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் வாயில்வரை வந்து திரும்புவார். அவர் வரலாற்றை எழுதியோர் இவ்வாறு கூறுகின்றனர்.

அவர்தாம் அபூ யஃகூப் அல்-புவைத்தீ. எகிப்து நாட்டவர். இமாம் ஷாபிஈ அவர்களின் தலைமாணாக்கர், ஆசிரியர் கி. பி. 820ஆம் ஆண்டில் மறைந்தபின் அவருடைய கல்விச் சபையை ஏற்று நடத்தியவர். இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலோர் தொழுகையிலும் நோன்பிலும் திருமணத்திலும் ஷாபிஈ மத்ஹபின் வழியில் ஒழுகுவோர். ஆதலின், புவைத்தீ அவர்களை நமக்கு முற்றிலும் அந்நியரெனச் சொல்லுதல் பொருந்தாது. அத்தகைய அறிஞர் சிறை புகுந்தது எதற்காக? அவர் கொலை செய்தாரில்லை, களவு செய்தாரில்லை, கலகம் விளைத்தாருமில்லை. திருக்குர்ஆனைப் பற்றி அரசாங்கம் வகுத்துத் தந்த ஒரு வாக்கியத்தைத் தமது வாயாற் சொல்ல மறுத்தார். அவ்வளவே. அவரைச் சிறையிட்ட அரசு இஸ்லாத்துக்குப் பகையான அரசன்று. நபிகள் நாயகத்தின் சிறிய தந்தையாருடைய வழியிலே தோன்றி, நம்பிக்கையாளரின் தலைவர் என்னும் பட்டம் தாங்கி நின்ற அப்பாசியக் கலீபாவின் அரசே அது.

நேயர்களே! ஓர் அரசு சமயத்தின் பெயரால் ஆட்சி செய்யும்பொழுது, அதன் ஆணையை மறுப்பவனைச் சமயத்தையே மறுப்பவனென்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால், அச்சமயத்திலே ஆழ்ந்த பற்றுடையவர்களே, அச்சமயத்தின் பெயராலேயே, உமக்கு இவ்வதிகாரம் இல்லை என்று எழுந்து சொன்னால் என்னாகும்? இவ்வினா இஸ்லாமிய வரலாற்றிலே மிகப் பழைய காலத்திலேயே எழுந்து விட்டது. கி. பி. 833ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நீடித்த அந்நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் ‘மிஹ்னா’ என்று வழங்குகின்றன. சோதனை என்பது அச்சொல்லின் பொருள்.

இச்சோதனையைத் தொடங்கி வைத்தவர் அறிவிலியான கொடுங்கோலர் என்று எண்ணுதல் தவறாகும். கலீபா மஃமூன் கல்வியிலே பெருவிருப்புடையவர். கிரேக்க மொழியிலிருந்த மருத்துவ நூல்களும் கணித நூல்களும் தத்துவ நூல்களும் அவர் ஆதரவினால் அறபுமொழிக்கு வந்தன. அல்ஜிப்ரா என்று நாம் வழங்கும் கணிதத்துறைக்குப் பெயர் தந்த குவாரிஸ்மீ அவர்காலத்து அறிஞரே. பூமியின் அளவை அறிய விரும்பி, பாலைவனத்திலே அளவுகாரரை நிறுத்தித் தூரம் அளப்பித்தவரும் இந்த மஃமூனே. பகுத்தறிவைப் போற்றிய ஒரு மன்னர் மனிதரின் உள்ளத்தைச் சவுக்கால் அளக்கத் துணிந்தமை இவ்வரலாற்றின் முதற் புதிர்.

பிணக்குக்குக் காரணமாயிருந்த கொள்கையைச் சற்று விளக்குதல் வேண்டும். திருக்குர்ஆன் இறைவனின் வாக்கு என்பதில் இருசாராருக்கும் ஐயமில்லை. அவ்வாக்கு இறைவனோடு என்றும் உள்ளதா, அன்றி ஒருகாலத்தில் அவனாற் படைக்கப்பட்டதா என்பதே வினா. முஃதஸிலாக்கள் என்னும் தருக்கவாதிகள், அது படைக்கப்பட்டதே என்றனர். இறைவன் ஒருவனே ஆதியும் அந்தமும் அற்றவன். குர்ஆனும் ஆதியற்றது என்றால், ஆதியற்ற பொருள்கள் இரண்டாகிவிடும்; ஏகத்துவத்துக்கு இழுக்கு நேரும் என்பது அவர்கள் அச்சம். இறைவனின் வாக்கெனப்படும் ஈஸா நபியைக் கிறித்தவர் படைக்கப்படாதவர் என்று கொண்டதுபோல, முஸ்லிம்களும் தம் மறையைக் கொண்டுவிடுவர் என்றும் மஃமூன் தம் கடிதத்தில் எழுதினார்.

நபிமொழிகளைத் திரட்டிப் போற்றிய ஹதீஸ் அறிஞர்களோ வேறு நெறியினர். குர்ஆன் இறைவனின் வாக்கு. வாக்கு என்பது பேசுவோனின் பண்பு. இறைவனின் அறிவைப் படைக்கப்பட்டதென்று எவரும் சொல்லாதவாறு போல, அவன் வாக்கையும் படைக்கப்பட்டதென்று சொல்லலாகாது. மேலும், நபிகள் நாயகமும் அவர்தம் தோழர்களும் பேசாத ஒரு விடயத்தை மார்க்கத்தின் அடிப்படையாக்குதற்கு எவருக்கு உரிமை உண்டு? இதுவே அவர்கள் வாதம். இரு திறத்தாரின் நியாயங்களும் எளிதிலே தள்ளத்தக்கன அல்ல. இவ்வாதம் பள்ளிவாசற் றூண்களின் நிழலிலே மாணாக்கரிடையே நடந்திருப்பின் எவருக்கும் கேடில்லை. அது அரசாணையாய் மாறியபொழுதே விபரீதம் விளைந்தது.

833ஆம் ஆண்டிலே ரோமப் பேரரசுக்கு எதிரான போரின்பொருட்டுத் தலைநகரை விட்டு வடக்கே சென்றிருந்த மஃமூன், பக்தாத் நகரின் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்றாஹீமுக்குக் கடிதம் விடுத்தார். காதிகளையும், நீதிமன்றத்திலே சாட்சி கூறத் தகுதி பெற்றோரையும் அழைத்து, குர்ஆன் படைக்கப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கின்றனரா என்று சோதிக்க வேண்டும். ஒப்பாதோரின் தீர்ப்பும் செல்லாது, சாட்சியும் செல்லாது என்பது கட்டளை. பிற்காலத்து வரலாற்றாசிரியர் தபரீ இக்கடிதங்களைத் தம் நூலிலே பேணித் தந்துள்ளார்.

அக்கடிதத்தின் தொடக்கத்தை ஊன்றி நோக்குவோர்க்கு உண்மைப் பிணக்கு எதுவென்பது புலனாகும். நபித்துவத்தின் வாரிசாக இறைவன் கலீபாக்களை ஆக்கியுள்ளான். மார்க்க ஞானத்தை அவர்களிடம் ஒப்படைத்துள்ளான் என்று மஃமூன் அதிலே கூறினார். பாமரமக்கள் அறியாமையில் மூழ்கியவர்கள் என்றும், அவர்களுக்கு அறிஞர்போலத் தோன்றுவோர் அவர்களை மயக்குகின்றனர் என்றும் கடிந்தார். ஆனால், உலமாக்களே நபிமாரின் வாரிசுகள் என்று பொருள்படும் நபிமொழியொன்று முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. ஆகவே, குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற வினாவின் அடியிலே வேறொரு வினா மறைந்து கிடந்தது. நபியின் வாரிசு யார்? அரியணையில் இருப்பவரா, பாயில் அமர்ந்து பாடஞ் சொல்பவரா? மார்க்கத்தின் பொருளை வரையறுத்துச் சொல்லும் உரிமை எவர் கையில் உள்ளது?

முதலில் ஏழு அறிஞர்கள் கலீபாவின் முன் அழைக்கப்பட்டனர். எழுவரும் ஒப்புக்கொண்டனர். பின்னர் பக்தாதிலே மேலும் பலர் ஆளுநரின் மாளிகையில் நிறுத்தப்பட்டனர். குர்ஆனைப் பற்றி என்ன சொல்கின்றீர் என்று ஆளுநர் கேட்பார். இறைவனின் வாக்கு என்று விடை வரும். அதை நான் கேட்கவில்லை. படைக்கப்பட்டதா, இல்லையா என்பார் ஆளுநர். இறைவனின் வாக்கு என்றே மீண்டும் விடை வரும். எழுத்தர் ஒவ்வொருவரின் விடையையும் எழுதிக் கலீபாவுக்கு அனுப்பினார். கலீபாவின் மறுமொழி கடுமையாக வந்தது. ஒவ்வொருவரின் குறைகளையும் பெயர் சொல்லி எடுத்துக்காட்டி ஏசியிருந்தார். மறுப்போரை விலங்கிட்டுத் தம்மிடம் அனுப்புமாறு பணித்திருந்தார்.

கடிதம் வாசிக்கப்பட்டதும் ஏறத்தாழ எல்லோரும் இணங்கினர். நால்வர் மட்டும் மறுத்தனர். விலங்கிட்டு ஓரிரவு வைத்திருந்தபின், அவர்களுள் ஒருவர் இணங்கினார். அடுத்த நாள் இன்னொருவர் இணங்கினார். எஞ்சியோர் இருவர்: இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல், முஹம்மத் இப்னு நூஹ் என்னும் இளைஞர்.

இணங்கியவர்களைக் கோழைகள் என்று நாம் எளிதில் இகழ்ந்து விடலாகாது. நபித்தோழர் அம்மார் அவர்கள் மக்காவிலே சித்திரவதை தாங்காது நாவினால் மறுத்துச் சொன்னபோது, உள்ளம் ஈமானில் உறுதியாயிருப்பின் குற்றமில்லை என்னும் சலுகையைத் திருமறையே அளித்தது. அச்சலுகையையே அவர்கள் பற்றிக்கொண்டனர். குடும்பமும் பிழைப்பும் உயிரும் உடையவர்கள் மனிதர். எனினும், பல்லாயிரவர் தம் வாயை நோக்கியிருக்கும் ஓர் அறிஞருக்கு அச்சலுகை உண்டா என்பதே அஹ்மத் அவர்களின் உள்ளத்தை வருத்திய கேள்வி.

அஹ்மத் அவர்கள் 780ஆம் ஆண்டிலே பிறந்தவர். இளமையிலே தந்தையை இழந்தவர். தாயின் வளர்ப்பிலே கல்வி கற்றவர். இமாம் ஷாபிஈ அவர்கள் பக்தாதில் தங்கியிருந்தபோது அவரிடமும் பாடங் கேட்டார். நபிமொழிகளைத் தேடி ஊரூராய்ச் சென்று, 27,000க்கு மேற்பட்டவற்றைக் கொண்ட முஸ்னத் என்னும் பெருந்தொகுதிக்கு வழி செய்தார். அரசாங்க உத்தியோகமோ சன்மானமோ அவர் விரும்பியதில்லை. சிறு வாடகை வருமானத்தில் எளிமையாக வாழ்ந்தார். சோதனை வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

கைதிகள் இருவரும் கலீபாவின் பாசறையை நோக்கிக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் போய்ச் சேருமுன்பே, 833ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே மஃமூன் இறந்தார். கைதிகள் விலங்குகளோடு பக்தாதுக்குத் திருப்பப்பட்டனர். வழியிலே, யூப்ரட்டீஸ் நதிக்கரையிலுள்ள ஆனா என்னும் ஊரிலே, இளைஞர் இப்னு நூஹ் உயிர் நீத்தார். அஹ்மத் அவர்கள் அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்தார். அந்நால்வருள் இப்போது எஞ்சியவர் அவர் ஒருவரே.

அடுத்த கலீபா முஃதஸிம் போர்வீரர், தருக்கத்தில் நாட்டமில்லாதவர். ஆயினும், தமையனின் இறுதி விருப்பத்தையும், தலைமைக் காதி இப்னு அபீ துஆதின் அறிவுரையையும் அவர் விடவில்லை. ஏறத்தாழ 28 மாதங்கள் சிறையிலிருந்தபின், 835ஆம் ஆண்டு ரமழான் மாதத்தில், அஹ்மத் அவர்கள் கலீபாவின் முன் நிறுத்தப்பட்டார். மூன்று நாட்கள் வாதம் நடந்தது. இறைவேதத்திலிருந்தோ நபியின் நடைமுறையிலிருந்தோ ஓர் ஆதாரம் தாருங்கள், ஏற்கின்றேன் என்பதே அவர் மீண்டும் மீண்டும் சொன்ன விடை. கலீபாவின் மனம் இளகியதென்றும், சிறிதளவு இணங்கினாலும் தம் கையாலேயே விலங்கைக் கழற்றுவதாக அவர் வேண்டினாரென்றும் சொல்வர். இமாம் இணங்கவில்லை. ஈற்றில் சவுக்கடி தொடங்கியது.

இவ்விடத்தில் ஒரு செய்தி வழிவழியாக வழங்குகின்றது. அடிபடும் இடத்துக்கு அவரைக் கொண்டு செல்லும்போது, அபுல் ஹைதம் என்னும் கள்வன் ஒருவன் அவரை நெருங்கினானாம். தான் திருட்டுக்காகப் பல்லாயிரம் சவுக்கடி பட்டும் சைத்தானுக்காகப் பொறுத்துக் கொண்டதாகவும், இறைவனுக்காக அடிபடும் நீர் பொறுக்க மாட்டீரா என்றும் சொன்னானாம். இமாமவர்கள் தமது வாழ்நாளெல்லாம் அந்தக் கள்வனின் பெயரைச் சொல்லி, இறைவன் அவனுக்கு அருள்புரிவானாக என்று வேண்டி வந்தார் என்று அவர் மைந்தர் கூறுவர். பெருங்கல்விமான்கள் பலர் தளர்ந்த நேரத்தில், ஒரு கள்வனின் சொல் அவருக்கு ஊன்றுகோலாயிற்று.

நினைவிழக்கும்வரை அடித்தனர். அன்றே விடுதலை செய்தனர். ஏன் விடுதலை செய்தனர்? எதிர்த்தரப்பினரான ஜாஹிழ் என்னும் எழுத்தாளர், அஹ்மத் அடிதாங்காது இணங்கிவிட்டார் என்று எழுதினார். இமாமின் மாணாக்கரோ, மாளிகையைச் சூழ்ந்து திரண்ட மக்களைக் கண்டு அரசு அஞ்சியது என்றனர். வரலாற்றாராய்ச்சியாளர் இதனைப் பற்றி இன்றும் வாதிடுகின்றனர். மக்கள் எதை நம்பினர் என்பதில் மட்டும் ஐயமில்லை. இமாம் வளையவில்லை என்றே அவர்கள் நம்பினர். பின்னாளில், தம்மை அடிப்பித்த முஃதஸிமைத் தாம் மன்னித்துவிட்டதாக இமாமவர்கள் கூறினார்.

842ஆம் ஆண்டிலே பட்டமெய்திய வாஸிக் காலத்திலே சோதனை மேலும் கடுமையாயிற்று. எகிப்திலே, குர்ஆன் படைக்கப்பட்டதென்னும் வாசகத்தைப் பள்ளிவாசல்களிலே எழுதி வைக்கச் செய்தனர். 845ஆம் ஆண்டிலே ரோமரிடம் சிறைப்பட்ட முஸ்லிம்களை மீட்கும் நிகழ்ச்சி எல்லையோரத்து ஆறொன்றின் கரையிலே நடந்தது. அங்கேயும் அதிகாரிகள் நின்று கேட்டனர். கொள்கையை ஒப்புக்கொண்டோர் மீட்கப்பட்டனர். மறுத்தோரைப் பகைவர் கையிலேயே விட்டுவிட்டனர். முஸ்லிம்களைக் காப்பதே தன் கடமையென்று சொல்லிய அரசு, அவர்களுள் எவர் காக்கத்தக்க முஸ்லிம் என்று ஆற்றங்கரையிலே தெரிவு செய்த அவலத்தை என்னென்பது!

இக்காலத்தில் மறுப்பாளரிடையே இருவேறு வழிகள் தோன்றின. அஹ்மத் இப்னு நஸ்ர் அல்-குஸாயீ என்பவர் பக்தாதிலே ஓர் எழுச்சிக்குத் திட்டமிட்டார். குறித்த இரவிலே முரசொலி எழவேண்டுமென்பது ஏற்பாடு. மதுவுண்ட சிலர் ஓரிரவு முந்தி முரசை அறைந்து விட, திட்டம் வெளிப்பட்டது. வாஸிக் அவரைக் கலகத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. குர்ஆனைப் பற்றியே விசாரித்தார். 846ஆம் ஆண்டிலே தம் கையாலேயே வாளெடுத்து வெட்டினார். தலை பக்தாதிலே மக்கள் காண வைக்கப்பட்டது.

பக்தாதின் சட்ட அறிஞர் சிலர் இமாம் அஹ்மத் அவர்களிடமும் வந்து, வாஸிக்கின் ஆட்சியை இனி ஏற்கமாட்டோம் என்றனர். இமாமவர்கள் அதனைத் தடுத்தார். உள்ளத்தால் மறுத்திருங்கள், முஸ்லிம்களின் ஒற்றுமையைக் குலைத்து இரத்தம் சிந்தாதீர்கள் என்பது அவர் அறிவுரையாயிற்று. அரசனின் வரியையும் காவலையும் படையையும் அவர் மறுக்கவில்லை. மனச்சாட்சியிலும் மறையிலும் அரசன் கை வைப்பதையே மறுத்தார். கலகம் செய்யாத மறுப்பு இது. ஆயின் அடிபணியாத மறுப்பு.

நாம் தொடக்கத்திற் கண்ட புவைத்தீ அவர்களும் வாஸிக் காலத்துக் கைதியே. எகிப்தின் ஆளுநர் அவர்மீது மதிப்புடையவர். இக்கொள்கையை எனக்கும் உமக்கும் இடையிலாவது சொல்லிவிடும் என்று வேண்டினார். என்னைப் பின்பற்றுவோர் பல்லாயிரவர். உட்பொருளை அவர்கள் அறியார் என்று கூறிப் புவைத்தீ மறுத்தார். கழுத்திலும் கால்களிலும் இரும்பு பூட்டிக் கோவேறு கழுதைமீது ஏற்றி அவரை அனுப்பினர். இதற்காக இரும்பிலே மடிந்தோர் இருந்தனர் என்பதைப் பின்வருவோர் அறியும்பொருட்டு, இவ்விரும்பிலேயே மடிவேன் என்று அவர் சொன்னதைச் சக மாணாக்கர் றபீஉ பதிந்து வைத்தார். ஹிஜ்ரி 231ஆம் ஆண்டிலே, பக்தாதுச் சிறையிலே, அவர் சொன்னவாறே மடிந்தார்.

847ஆம் ஆண்டிலே முதவக்கில் கலீபாவானார். சில ஆண்டுகளுக்குள் இவ்வாதத்தைத் தடைசெய்து, சோதனையை முடித்து, தலைமைக் காதியின் குடும்பத்தைப் பதவியினின்றும் நீக்கினார். குஸாயீயின் உடல் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டது. இமாம் அஹ்மத் அவர்களைப் புதிய கலீபா போற்றிப் பரிசில்கள் அனுப்பினார். இமாமவர்களுக்கோ இது வேறொரு சோதனையாயிற்று. அரண்மனைப் பொருளை அவர் தொடவில்லை. உதவிப்பணம் பெற்ற தம் மைந்தரோடும் மனம் வேறுபட்டார். அடியை ஏற்ற முதுகு பரிசிலை ஏற்க மறுத்தது. 855ஆம் ஆண்டு அவர் காலமானபோது பக்தாதே திரண்டு வந்தது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் ஒருபக்கம் ஒளியையும் மறுபக்கம் இருளையும் மட்டும் தீட்டுதல் நேர்மையாகாது. இமாம் அஹ்மத் அவர்கள் எல்லாக் கருத்துக்கும் இடங்கொடுத்தவர் அல்லர். சோதனையிலே இணங்கிய பழைய நண்பர்களோடும் அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. சோதனையை நிறுத்திய முதவக்கிலும் அன்பின் வடிவினர் அல்லர். கிறித்தவரும் யூதரும் வேற்றுடை அணியவேண்டுமென்று ஆணையிட்டவரும், கர்பலாவிலே இமாம் ஹுஸைன் அவர்களின் அடக்கத்தலத்தை இடிப்பித்தவரும் அவரே. அரசின் கோல் ஒரு சாராரின் முதுகிலிருந்து மறுசாராரின் முதுகுக்கு மாறியது, கோல் முறியவில்லை.

ஆயினும், ஒரு காரியம் நிலைபெற்று விட்டது. திருக்குர்ஆனுக்கு இதுவே பொருள், இதுவே கொள்கை என்று அரசாணையால் விதிக்கும் உரிமையைச் சுன்னத் வல்ஜமாஅத்தினரிடையே எந்தக் கலீபாவும் அதன்பின் முழுமையாகப் பெற்றாரில்லை. மார்க்கத்தை விளக்கும் பொறுப்பு கற்றோரிடத்தே தங்கியது. கற்றோர் பலராதலின் விளக்கங்களும் பலவாயின. ஹனபீ, மாலிகீ, ஷாபிஈ, ஹன்பலீ என நான்கு மத்ஹபுகள் ஒன்றையொன்று அழித்தொழியாமல் அருகருகே நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். ஒரே அரசரின் ஒரே விளக்கம் வென்றிருந்தால் இந்நிலை வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

மஃமூனின் வாதத்திலே அறிவு இருந்தது. அதனை அவர் வாதமாகவே விட்டிருப்பின், அது இன்றும் கற்றோர் அவையிலே தன் இடத்தைப் பெற்றிருக்கும். ஆணையும் விலங்கும் சவுக்கும் துணைக்கு வந்ததனால், அக்கொள்கையே மக்கள் மனத்தில் வெறுப்புக்குரியதாயிற்று. முஃதஸிலாக்கள் நாளடைவிலே செல்வாக்கிழந்தனர். உண்மையென்று தான் நம்பியதை வாளினாற் காக்கப் புகுந்த அரசு, அந்த உண்மைக்கே ஊறு செய்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிறைவாயில்வரை நடந்து வந்து திரும்பிய புவைத்தீ அவர்களை மீண்டும் நினைத்துப் பாருங்கள். காவலன் அவரது காலைத் தடுக்க முடிந்தது. எந்த அழைப்புக்கு அவர் விடையளித்தார் என்பதை அவனால் மாற்ற முடியவில்லை. அவனை அங்கே நிறுத்திய கலீபாவாலும் மாற்ற முடியவில்லை.